என்ஜின் மாற்றும்போது என்ஜின் அறைக்குப் பெயின்ட்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

பழைய டிரக்கின் என்ஜினை இறக்கிவிட்டு வேறொன்றை ஏற்றுவதற்கு இடையே கிடைக்கும் சில நாட்களில்தான் என்ஜின் அறையின் மூலை முடுக்கெல்லாம் கை நுழையும். அப்போதுதான் அதற்கு ஒழுங்காகப் பெயின்ட் அடிக்க முடியும். அந்த நாட்கள் பெரும்பாலும் அவசரத்தில் கழிவதால், கழுவுவதிலும் தேய்ப்பதிலும் மிச்சம் பிடித்த நேரம் பிறகு வட்டியோடு கணக்குக் கேட்கிறது. நான் திரும்பத் திரும்பச் சரிசெய்ய நேர்ந்த பிழைகளை, அவை கண்ணில் படும் வரிசையிலேயே கீழே தந்திருக்கிறேன்: முதலில் ஸ்பிரே கன்னைப் பிடித்திருக்கும்போது தெரிபவை, அடுத்துக் காயும்போது தெரிபவை, கடைசியாக என்ஜின் ஏறிய பிறகு தெரிபவை. ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணத்தை முதலில் சோதித்துவிட்டு, பிறகே செலவு வைக்கும் காரணத்துக்குப் போக வேண்டும்.

எந்த அறிகுறியானாலும் தேய்க்கத் தொடங்கும் முன் இரண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பிழை எந்த இடத்தில் வந்திருக்கிறது என்பது ஒன்று; உரிந்த செதிலைத் திருப்பிப் பார்த்தால் அதன் அடிப்பக்கத்தில் என்ன ஒட்டியிருக்கிறது என்பது மற்றொன்று. உப்புத்தாளைக் கையில் எடுத்து நாலு தேய் தேய்த்துவிட்டால் இந்த இரண்டு சாட்சிகளும் அழிந்துவிடும். அதன் பிறகு யாரை அழைத்தாலும் அவரும் ஊகத்தில்தான் பேசுவார்.

தொடங்கும் முன்பே நிறுத்த வேண்டிய மூன்று இடங்கள்

ஹார்டனர், அதாவது பெயின்ட்டை இறுகவைக்கும் திரவம், கலந்து அடிக்கும் யூரித்தேன் பெயின்ட்டில் ஐசோசயனேட் இருக்கிறது. அதை நம் மூக்கு உணர்வதற்குள் அது தீங்கு செய்யும் அளவைத் தாண்டியிருக்கும். ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவுகூட ஆஸ்துமாவைத் தூண்டும். வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய் வழியாகத் தரும் முகக்கவசம் இல்லாதவர்கள் இந்த வகைப் பெயின்ட்டை ஒரு பெயின்டரிடம் ஒப்படைப்பதே சரி. இரண்டாவதாக, பழைய வண்டியின் முதல் பெயின்ட்டிலும், அதற்கு அடிப்பூச்சான பிரைமரிலும் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அதை உலர்ந்த நிலையில் கிரைண்டர் போட்டுப் புழுதியாக்கக் கூடாது; நனைத்துத் தேய்க்க வேண்டும். மூன்றாவதாக, பயர்வாலில், அதாவது கேபினையும் என்ஜினையும் பிரிக்கும் தகட்டில், ஒட்டியிருக்கும் பழைய வெப்பத்தடுப்பு அட்டை நார் நாராகப் பிரிந்தால் அதில் கல்நார் இருக்கலாம். அதைச் சுரண்டாமல், கல்நார் அகற்றும் பயிற்சி பெற்றவர்களிடம் விட வேண்டும்.

## அறிகுறி 1: பெயின்ட் விழுந்தவுடனே வட்ட வட்டமாகக் குழி விழுகிறது

பெயின்ட் ஒரு புள்ளியைச் சுற்றி விலகி ஓடி, நடுவில் அடித்தளம் தெரிகிறது என்றால் அங்கே எண்ணெயோ சிலிக்கோனோ இருக்கிறது. அடிப்பதை உடனே நிறுத்துங்கள். குழியை மூடிவிடலாம் என்று அதன்மேலேயே இன்னொரு கை அடிப்பது, குழியை ஆழமாக்கி விளிம்பில் வழியவும் வைக்கும்.

அடுத்துச் செய்ய வேண்டியது மிக எளிய ஒரு சோதனை. நன்றாகக் கழுவித் துடைத்த வேறொரு தகட்டில் அதே கன்னால் அதே பெயின்ட்டை அடித்துப் பாருங்கள்.

சோதனைத் தகட்டில் குழி விழவில்லை என்றால் குற்றம் என்ஜின் அறையின் தகட்டில் இருக்கிறது. டீசலாலோ மண்ணெண்ணெயாலோ கழுவிய அறை பார்வைக்குச் சுத்தமாக இருந்தாலும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தோடுதான் இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் டீகிரீசர் போட்டு வெந்நீரால் அலசி உலர்த்திய பிறகு, எண்ணெயும் மெழுகும் நீக்கும் கரைப்பானை ஒரு துணியால் தடவி, அது உலர்வதற்குள் வேறொரு சுத்தமான துணியால் துடைத்தெடுக்க வேண்டும். ஒரே துணியால் இரண்டையும் செய்தால் எண்ணெய் இடம் மாறுமே தவிர வெளியேறாது. வேலை முடிந்ததா என்பதற்குத் தண்ணீரே சாட்சி: சுத்தமான நீரைத் தகட்டில் ஊற்றினால் அது ஒரே படலமாக வடிய வேண்டும், முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. குழி ஒரே இடத்தில் கூட்டமாக விழுந்தால் அதற்கு நேர் மேலே பாருங்கள். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் தையலிலோ, வயர் நுழையும் துளையிலோ தேங்கிய பழைய கிரீஸை, கன்னிலிருந்து வரும் காற்று ஊதி வெளியே தள்ளியிருக்கும்.

சோதனைத் தகட்டிலும் குழி விழுகிறது என்றால் காற்றில்தான் குற்றம். கம்ப்ரஸர் தொட்டியின் அடியிலுள்ள திருகைத் திறந்து நீரை வடியுங்கள். நீர் பிரிக்கும் வடிகட்டியைப் பாருங்கள். ஒரு வெள்ளைத் துணியின்மேல் அரை நிமிடம் காற்றை ஊதி ஈரமோ எண்ணெய்க் கறையோ படிகிறதா என்று கவனியுங்கள். எண்ணெய் படிந்தால் கம்ப்ரஸரின் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். அது கம்ப்ரஸர் மெக்கானிக் பார்க்க வேண்டிய வேலை. அதுவரை வேறொரு கம்ப்ரஸரை வாங்கி அடிப்பது நல்லது.

குழிகளைத் தடுப்பதற்கென்று பெயின்ட்டில் கலக்கும் மருந்து ஒன்று கிடைக்கிறது. அதுவும் பெரும்பாலும் சிலிக்கோன் வகையைச் சேர்ந்ததே. ஒருமுறை கலந்தால் அதன்மேல் அடிக்கும் ஒவ்வொரு கைக்கும் அதைக் கலந்தாக வேண்டும், கன்னும் அழுக்காகும் என்பதால், கழுவும் வேலைக்கு அதை மாற்றாக நான் எடுத்துக்கொள்வதில்லை. அதே அறையில் யாராவது டயருக்கோ டேஷ்போர்டுக்கோ பளபளப்பு ஸ்பிரே அடித்திருக்கிறார்களா என்றும் கேட்டுப் பாருங்கள். காற்றில் மிதந்து வரும் அந்தச் சிலிக்கோன் துளியே போதும்.

## அறிகுறி 2: அடித்த சில நிமிடங்களில் கீழுள்ள பூச்சு சுருங்கித் தோல்போல் எழும்புகிறது

புதுப் பெயின்ட்டிலுள்ள தின்னர், கீழிருக்கும் பூச்சைக் கரைத்து ஊதவைக்கிறது. முதற்காரணம் நேரம். டப்பாவில் அடைத்து வரும் எனாமல் ஸ்பிரேக்களில் "இத்தனை மணிக்குள் அல்லது இத்தனை மணிக்குப் பிறகு" அடுத்த கை அடிக்க வேண்டும் என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த இரண்டு நேரங்களுக்கும் நடுவே அடித்தால், மேலே தோல் கட்டி உள்ளே ஈரமாக இருக்கும் பூச்சு சுருங்கும். அவ்வாறு நடந்திருந்தால் முழுமையாகக் காயவிட்டு, சுருக்கத்தை 320 நம்பர் உப்புத்தாளால் சமப்படுத்தி, குறிப்பிட்ட நேரம் கழித்து அடித்தால் போதும்.

நேரம் சரியாக இருந்தும் சுருங்கினால் பழைய பூச்சு எந்த வகை என்று தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளைத் துணியைத் தின்னரில் நனைத்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் அரை நிமிடம் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள்.

- துணியில் நிறம் தாராளமாக இறங்கினால் அது லேக்கர் அல்லது ஹார்டனர் சேராத பூச்சு.
- நிறம் இறங்காமல் பூச்சு மென்மையாகிச் சுருங்கினால் அது எனாமல்.
- எதுவும் நடக்கவில்லை என்றால் அது நன்றாக இறுகிய பூச்சு. சுருக்கத்துக்கு இந்த இடம் காரணமில்லை, நடுவில் போட்ட பிரைமரைச் சந்தேகியுங்கள்.

முதல் இரண்டு வகைகளின்மேலும் காரமான தின்னர் கலந்த பெயின்ட்டை நேரே அடிக்கக் கூடாது. பழைய பூச்சு கெட்டியாகப் பிடித்திருந்தால், நடுவே ஒரு தடுப்புப் பிரைமரைப் போடலாம். பெரும்பாலும் எப்பாக்ஸி வகைப் பிரைமர் இதற்குப் போதும். ஆனால் அதையும் முதலில் கையகலத்துக்கு மட்டும் அடித்து ஒரு நாள் பார்த்துவிட்டே மற்ற இடங்களுக்குப் போக வேண்டும். பல முறை பெயின்ட் மாற்றிய வண்டியில் பூச்சு அடுக்கடுக்காகத் தடித்திருந்தால் தடுப்புப் பிரைமருக்குச் செலவழிப்பது வீண். அதை உலோகம்வரை எடுத்தாக வேண்டும். மணல் வீச்சு போன்ற வேலையைத் தெரிந்தவரிடம் தர வேண்டிய இடம் இதுவே. மெல்லிய தகட்டில் வீச்சு கடுமையானால் தகடு நெளிந்துவிடும். வீசிய துகள்கள் தையல்களிலும் குழாய்களிலும் மாதக்கணக்கில் ஒளிந்திருந்து, புது என்ஜினின் காற்றுக் குழாய் திறந்திருக்கும் நேரம் பார்த்து உள்ளே விழவும் கூடும்.

## அறிகுறி 3: வழிகிறது, சொரசொரக்கிறது, பால்போல் வெளிறுகிறது

இவை மூன்றும் கையையும் காலநிலையையும் சார்ந்தவை, செலவு அதிகமில்லை. வழிந்தால் கன் மிக அருகில் இருந்தது அல்லது மெதுவாக நகர்ந்தது. மூலைகளில் இரண்டு பக்கத்துக்கும் அடிக்கும்போது மூலைக்கு மட்டும் இரட்டைப் பங்கு விழும் என்பதால், மூலையை முதலில் மெல்லியதாக முடித்துவிட்டுப் பிறகு சமதளத்துக்கு வர வேண்டும். ஆரஞ்சுத் தோல்போல் மேடுபள்ளமாக நின்றால், தூரம் அதிகம், தின்னர் குறைவு, அல்லது தகடு சுடுகிறது. கன்னுக்குச் சுமார் 15 முதல் 20 செ.மீ., ஸ்பிரே டப்பாவுக்கு 25 செ.மீ. அளவில் வைத்து, ஒவ்வொரு வீச்சும் முந்தையதில் பாதியை மூடும்படி நகர்த்துங்கள். வெளிறினால் காற்றில் ஈரம் அதிகம். வேகமாக ஆவியாகும் தின்னர் தகட்டைக் குளிரவைத்து, அதன்மேல் ஈரம் படிகிறது. மெதுவாக ஆவியாகும் தின்னருக்கு மாறுங்கள் அல்லது நாளைத் தள்ளிப்போடுங்கள். பனி படியும் வெப்பநிலையைவிடத் தகடு குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருந்தாலொழிய அடிக்கக் கூடாது என்பது தொழிற்சாலைப் பூச்சு வேலையில் பொதுவாகக் கடைப்பிடிக்கும் அளவு.

## அறிகுறி 4: நாட்கள் கடந்தும் விரல் ஒட்டுகிறது

குளிரே எளிய காரணம். 10 டிகிரிக்குக் கீழே எப்பாக்ஸி இறுகுவது ஏறக்குறைய நின்றேபோகும். அறையைச் சூடாக்கி இரண்டு நாள் காத்திருங்கள். தீச்சுடர் தெரியும் அடுப்பையோ ஹீட்டரையோ தின்னர் ஆவி இருக்கும் அறைக்குள் கொண்டுவர வேண்டாம். அடுத்த காரணம் தடிமன்: ஒரே மூச்சில் மூன்று கை அடித்தால் மேலே தோல் கட்டி, உள்ளே தின்னர் சிறைப்படும். பளபளப்பு மங்குவதும், ஊசிமுனைக் கொப்புளங்கள் தெரிவதும் இதற்கு அடையாளம். இதற்கும் நேரமே மருந்து.

மூன்றாவது, கலவை. ஹார்டனர் விகிதம் கனஅளவில் 4:1, 2:1 என்று பெயின்ட்டுக்குப் பெயின்ட் மாறும். கண்ணளவில் ஊற்றியிருந்தால் ஊற்றியவருக்கே விடை தெரியும். ஹார்டனர் கூடினால் சீக்கிரம் இறுகும் என்ற நம்பிக்கை தவறானது. கூடினாலும் குறைந்தாலும் பூச்சு கெடுகிறது. ஹார்டனர் டப்பாவைத் திறந்து பாருங்கள்: கலங்கியோ கட்டி தட்டியோ இருந்தால் காற்றின் ஈரத்தைக் குடித்து அது செத்துவிட்டது. விகிதம் தவறிய பூச்சு எத்தனை வாரம் விட்டாலும் இறுகாது. அதன்மேல் சரியான கலவையை அடித்துக் காப்பாற்றப் பார்க்காமல், தின்னரால் துடைத்து எடுத்துவிட்டு மறுபடி தொடங்குவதே குறைந்த செலவு. நான் ஒருமுறை காப்பாற்றப் பார்த்து, இரண்டு பூச்சையும் சேர்த்துச் சுரண்டினேன்.

## அறிகுறி 5: தகடு தகடாக உரிகிறது

இந்த அறிகுறிக்குத்தான் மிகுந்த பொறுமை வேண்டும். ஒரே மாதிரி உரிந்தாலும் காரணங்கள் ஐந்து. ஒன்றின் மருந்து மற்றதற்கு உதவாது. முதலில் உரிந்த இடத்தைச் சுற்றி எவ்வளவு தூரம் பிடிப்பு இல்லை என்று பார்க்க வேண்டும். கூர்மையான பிளேடால் 2 மி.மீ. இடைவெளியில் ஆறு கோடுகளும் அவற்றுக்குக் குறுக்கே ஆறு கோடுகளும் உலோகம்வரை கீறி, நன்றாக ஒட்டும் டேப்பை அதன்மேல் அழுத்தி, சட்டென்று இழுங்கள். கட்டங்கள் டேப்போடு வந்தால் அந்த இடமும் போய்விட்டது. கட்டங்கள் நின்றால் எல்லை அங்கே முடிகிறது. உரிந்த இடத்திலிருந்து நாலு திசையிலும் இதைச் செய்து, சாக்பீஸால் எல்லையை வரைந்துகொள்ளுங்கள். பிறகு செதிலைத் திருப்புங்கள்.

அடிப்பக்கம் பெயின்ட் நிறத்திலேயே இருக்கிறது. தகட்டில் பிரைமர் அப்படியே நிற்கிறது. பிரைமரின்மேல் பெயின்ட் பிடிக்கவில்லை. என்ஜின் வர ஒரு வாரம் தாமதமாகி, பிரைமரோடு நின்ற வண்டியில் அடிக்கடி பார்ப்பது இது. ஒவ்வொரு பிரைமருக்கும், தேய்க்காமல் அடுத்த கை அடிக்கக்கூடிய கால எல்லை ஒன்று உண்டு. டப்பாவுடன் வரும் தாளில் அது இருக்கும். எல்லை கடந்துவிட்டால் 320 முதல் 400 நம்பர்வரை தேய்த்துப் பளபளப்பைக் கொன்ற பிறகே பெயின்ட் அடிக்க வேண்டும். பிரைமர் நிற்பதால் செலவு பெயின்ட்டுக்கு மட்டும்தான்.

அடிப்பக்கத்தில் பிரைமர் இருக்கிறது. தகடு வெறும் உலோகமாகப் பளபளக்கிறது. எண்ணெய் ஒரு காரணம். அதற்கான தண்ணீர்ச் சோதனையை மேலே சொல்லியிருக்கிறேன். எண்ணெய் இல்லை என்றால் வயர் பிரஷ்ஷைச் சந்தேகிக்க வேண்டும். கிரைண்டரில் மாட்டிய வயர் பிரஷ் துருவை எடுப்பதோடு உலோகத்தை மெருகேற்றியும் விடுகிறது. மெருகேறிய முகத்தில் பிரைமருக்குப் பிடிமானம் கிடையாது. 80 முதல் 120 நம்பர்வரை உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அன்றைக்கே எப்பாக்ஸி பிரைமர் அடியுங்கள். துத்தநாகம் பூசிய தகடும் அலுமினியமும் சாதாரண பிரைமரை ஏற்பதில்லை; அவற்றுக்கு உரியது என்று டப்பாவில் எழுதியிருப்பதையே வாங்க வேண்டும்.

அடிப்பக்கத்தில் வெண்ணிறப் பொடியோ பிசுபிசுப்போ இருக்கிறது. துரு நீக்கும் பாஸ்பாரிக் அமிலம் அலசப்படாமல் உலர்ந்திருக்கிறது, அல்லது டீகிரீசர் மிச்சமிருக்கிறது. அமில மிச்சத்தின்மேலும், அமிலம் கலந்த எட்ச் பிரைமரின்மேலும் பல எப்பாக்ஸி பிரைமர்கள் சரியாக இறுகுவதில்லை. இரண்டையும் போட்டால் இரட்டைப் பாதுகாப்பு என்று நினைத்துச் செய்த வேலையே பாளமாக உரியும். ஒன்றைத் தேர்ந்துகொண்டு, மற்றதை முழுமையாக எடுத்துவிட வேண்டும்.

அடிப்பக்கத்தில் செம்பழுப்புப் பொடி இருக்கிறது. துருவின்மேல் அடித்திருக்கிறீர்கள். அடுத்த அறிகுறிக்குச் செல்லுங்கள்.

செதில் தடிமனாக, உள்ளே பழைய நிறங்கள் வரிவரியாகத் தெரிகிறது. உங்கள் வேலை பிடித்திருக்கிறது. அதைத் தாங்கிய பழைய பெயின்ட்தான் உலோகத்தை விட்டுவிட்டது. புதுப் பெயின்ட் காயும்போது சுருங்கி இழுப்பதில், அதுவரை எப்படியோ தொங்கிக்கொண்டிருந்த பழைய பூச்சு எழும்பிவிடும். சாக்பீஸ் எல்லை கையகலத்துக்குள் இருந்தால் அங்கே மட்டும் உலோகம்வரை எடுத்து, விளிம்பைச் சரிவாகத் தேய்த்துச் சரிசெய்யலாம். எல்லை ஒரு தகட்டின் பாதியைத் தாண்டினால் துண்டு துண்டாக ஒட்டுப்போடுவதை விட்டுவிட்டு, என்ஜின் ஏறுவதற்குள் அந்தத் தகட்டை முழுமையாக உரித்துத் தரும்படி டிங்கர் வேலை செய்பவரிடம் கேளுங்கள். என்ஜின் ஏறிய பிறகு இதே வேலை ஒன்றுக்கு மூன்றாகும்.

## அறிகுறி 6: பெயின்ட்டுக்கு அடியில் கொப்புளம், உடைத்தால் துரு

கொப்புளம் சமதளத்தின் நடுவில் இருந்தால் மேலோட்டமாகத் தேய்த்து விட்ட துருதான் காரணம். துருவின் குழிகளுக்குள் இருக்கும் கருந்துருவை உப்புத்தாள் எட்டாது; அங்கே அமிலம் போட்டு, அலசி, சூடான காற்றால் உலர்த்தி, சில மணி நேரத்துக்குள் பிரைமர் அடிக்க வேண்டும்.

தகடுகள் சேரும் தையலில் இருந்தால் நீர் பின்பக்கத்திலிருந்து வருகிறது. பெயின்ட் அடித்த பக்கத்தில் என்ன செய்தாலும் பயன் இல்லை. தையலைத் துடைத்து, எப்பாக்ஸி பிரைமர் அடித்து, அது காய்ந்த பிறகு தையலை அடைக்கும் சீம் சீலர் போட வேண்டும். வெறும் உலோகத்தின்மேல் நேரே சீலர் போட்டால் அதன் அடியிலேயே துரு ஊறும்.

பேட்டரித் தட்டைச் சுற்றி இருந்தால் அது அமிலம். சமையல் சோடாவை நீரில் கரைத்து ஊற்றுங்கள். நுரைப்பது நிற்கும்வரை அமிலம் இருக்கிறது. நன்றாக அலசி உலர்த்திய பிறகே தேய்க்கத் தொடங்க வேண்டும்.

பயர்வாலின் கீழ்ப்பகுதியில் இருந்தால், முன்கண்ணாடிக்குக் கீழுள்ள காற்றுப் பெட்டியில் ஒரு குவளை நீரை ஊற்றிவிட்டு, கேபினுக்குள் மிதியடியை எடுத்துப் பாருங்கள். நீர் உள்ளே வந்தால் பெயின்ட்டுக்கு முன் ஒழுக்கை அடைக்க வேண்டும். பல நேரங்களில் அந்தப் பெட்டியின் வடிகால் துளையில் அடைத்திருக்கும் சருகை எடுத்தாலே போதுமானதாக இருக்கும்.

எல்லா இடத்தையும் ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் உலோகம் இருக்கிறது. மொத்தென்று ஒலித்தால் முனையால் அழுத்துங்கள். உள்ளே போனால் அது பெயின்ட்டோ பட்டியோ தீர்க்கும் விஷயம் இல்லை. குறிப்பாக என்ஜின் மவுன்ட் உட்காரும் இடம், ஸ்டீயரிங் பாக்ஸ் சேஸிஸில் பூட்டியிருக்கும் இடம், கேபின் மவுன்ட் ஆகிய மூன்றில் எங்கு உலோகம் மெலிந்திருந்தாலும் வேலையை அங்கேயே நிறுத்தி, சேஸிஸ் வெல்டிங் தெரிந்தவரை அழைக்க வேண்டும். ஏறப்போகும் என்ஜின் பழையதைவிடக் கனமானதாகவோ இழுவிசை கூடியதாகவோ இருந்தால், இந்தப் பேச்சுக்குத் தள்ளுபடியே இல்லை.

## அறிகுறி 7: என்ஜின் ஓடிய பிறகு ஒரு பக்கம் மட்டும் பழுப்பேறிக் கொப்புளிக்கிறது

புது என்ஜினின் எக்ஸாஸ்ட் பழையது போன வழியில் போவதில்லை. முன்பு குளிர்ந்திருந்த தகடு இப்போது சுடுகிறது. முதலில், பழுப்பேறிய இடத்துக்கு நேரே மேனிஃபோல்டின் இணைப்பில் கரிக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கேஸ்கெட் வழியாகச் சுடுகாற்று பீச்சுகிறது. என்ஜின் ஆறிய பிறகு போல்ட்டை முறைப்படி முடுக்குவதும், தேவையானால் கேஸ்கெட்டை மாற்றுவதும் போதும்.

கரி இல்லை என்றால் இடைவெளி போதவில்லை. வெப்பத்தடுப்புத் தகடு ஒன்றைத் தகட்டிலிருந்து சற்று விலக்கி, நடுவில் காற்று ஓடும்படி மாட்டுங்கள். வெப்பம் தாங்கும் பெயின்ட் என்று டப்பாவில் இருப்பதைப் பார்த்து வாங்கும்போது எண்ணையும் பார்க்க வேண்டும்: என்ஜின் எனாமல் பொதுவாகச் சுமார் 260 டிகிரி வரைக்கும், எக்ஸாஸ்ட்டுக்கானது சுமார் 650 டிகிரி வரைக்கும் என்று குறிப்பிடப்படுகிறது. பின்னது, படிப்படியாகச் சூடேற்றி இறுகவைத்த பிறகுதான் அந்தத் தாங்குதிறனைப் பெறும்.

முதல் முறை ஓடும்போது மேனிஃபோல்டிலிருந்து சிறிது புகை வருவது, கைபட்ட எண்ணெயும் புதுப் பூச்சும் எரிவதால். சில நிமிடங்களில் அடங்கிவிடும். பயர்வாலிலிருந்து புகை வந்தால் உடனே நிறுத்துங்கள். பழுப்பேறிய இடத்தின் அருகே டீசல் அல்லது பெட்ரோல் குழாயோ பிரேக் குழாயோ வயர் கட்டோ ஓடினால், அதை வழி மாற்றி அமைக்கும்வரை வண்டியை ஓட்டக் கூடாது. எக்ஸாஸ்ட் வளைத்துத் தரும் பட்டறைக்குப் போக வேண்டிய கட்டம் அது.

## அறிகுறி 8: பிரேக் மாஸ்டர் சிலிண்டருக்குக் கீழே மட்டும் பெயின்ட் குழைந்து உரிகிறது

டாட் 3, டாட் 4, டாட் 5.1 வகைப் பிரேக் ஆயில் பெயின்ட்டைக் கரைக்கும். பிரேக் குழாயிலிருந்து காற்று எடுக்கும்போது சிந்தியதுதானா என்று முதலில் பாருங்கள். இந்த ஆயில் நீரில் கலக்கும் என்பதால் சிந்தியவுடன் தண்ணீரை ஊற்றி அலசினால் பூச்சு பிழைக்கும். துணியால் துடைத்தால் பரவும். ஆனால் சிந்தாமலே ஈரம் இருந்தால், சிலிண்டரின் பின்முனையில் விரலை வைத்துப் பாருங்கள். அங்கே ஈரம் இருந்தால் உள்ளிருக்கும் ரப்பர் சீல் போய்விட்டது. அது பெயின்ட் பிரச்சினையே அல்ல, பிரேக் பிரச்சினை. வண்டியை நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள். பெயின்ட் அதற்குப் பிறகு.

## அறிகுறி 9: பெயின்ட் அழகாக இருக்கிறது, ஆனால் ஸ்டார்ட்டர் திணறுகிறது, விளக்கு மங்குகிறது, மீட்டர் முள் ஆடுகிறது

என்ஜினையோ பேட்டரியையோ குறை சொல்லிப் பலர் பணத்தைக் கொட்டும் இடம் இது. புதுப் பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. முன்பு துருவும் அழுக்குமாக இருந்தாலும் உலோகத்தோடு உலோகம் தொட்டுக்கொண்டிருந்த எர்த் முனைகள், இப்போது பளபளக்கும் பெயின்ட்டின்மேல் உட்கார்ந்திருக்கின்றன. ஹெட்லைட்டைப் போட்டவுடன் வெப்ப மீட்டரின் முள் ஏறினால் ஏறக்குறைய ஐயமே வேண்டாம். ஸ்டார்ட் செய்யும்போது ஆக்சிலரேட்டர் கேபிளோ கியர் கேபிளோ சுடுகிறது என்றால் உடனே சாவியை விடுங்கள். எர்த் வழி அடைபட்டதால் ஸ்டார்ட்டரின் மின்னோட்டம் முழுவதும் அந்த மெல்லிய கேபிள் வழியாகத் திரும்புகிறது.

12 வோல்ட் வண்டியில் மல்டிமீட்டரைக் குறைந்த டிசி வோல்ட் அளவில் வைத்து, என்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடாதபடி எரிபொருளை நிறுத்திவிட்டு, ஒருவர் சாவியைத் திருப்ப, வரிசையாக அளந்து பாருங்கள்:

1. பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் என்ஜின் பிளாக்கின் வெறும் உலோகத்துக்கும் இடையில்.
2. பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் சேஸிஸுக்கும் இடையில்.
3. பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் கேபின் தகட்டுக்கும் இடையில், ஹெட்லைட் எரியும்போது.

எதுவும் 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது, 0.5ஐத் தொட்டால் அந்த வழியில் நிச்சயம் தடை இருக்கிறது. மூன்றாவது அளவைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். டிரக்கின் கேபின் ரப்பர் மவுன்ட்டின்மேல் நிற்பதால் சேஸிஸோடு அதற்கு இயல்பான தொடர்பு இல்லை. கேபினுக்கென்று ஒரு பட்டை வயர் இருக்கும். என்ஜினை இறக்கும்போது கழற்றி ஓரமாக வைத்த அந்தப் பட்டை திரும்ப மாட்டப்பட்டதா என்று பாருங்கள்.

தடை இருக்கும் முனையைக் கழற்றி, அடியில் ஒரு நாணயம் அளவுக்குப் பெயின்ட்டை வெறும் உலோகம்வரை சுரண்டி, பல் வைத்த வாஷரோடு இறுக்கி, இறுக்கிய பிறகு சுற்றிலும் கிரீஸ் தடவுங்கள். கிரீஸை முதலில் அள்ளி வைத்துவிட்டு முடுக்குவது தலைகீழ் வேலை. ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டுக்கும் பெயின்ட் அடித்திருந்தால் அதன் முகத்தையும் சுரண்ட வேண்டும்; ஓடும்போது பேட்டரியில் ஏறக்குறைய 13.8 முதல் 14.5 வோல்ட் தெரிய வேண்டும். பயர்வாலில் போல்ட் வழியாகவே எர்த் எடுக்கும் வைப்பர் மோட்டார், ரிலே, ரெகுலேட்டர் போன்றவையும் இந்தக் கணக்கில் சேரும்.

மூன்று அளவுகளும் 0.2க்குள் இருந்தும், நன்றாகச் சார்ஜ் ஏறிய பேட்டரியின் வோல்ட் ஸ்டார்ட் செய்யும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சோதிக்கக் கொடுங்கள். பேட்டரியும் சரி என்றால் ஸ்டார்ட்டரையும் பாசிட்டிவ் வயரையும் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் பார்க்கட்டும். கணினி வைத்த புதிய வகை என்ஜினைப் பழைய டிரக்கில் ஏற்றியிருந்தால், அதன் சென்சார் எர்த்துகளைச் சுரண்டித் திருத்தும் வேலையை முதலிலேயே அவரிடம் விடுவது உத்தமம்.

## அறிகுறி 10: போல்ட் ஏறவில்லை, அல்லது ஏறிய போல்ட் சில நாளில் தளர்கிறது

ஏறவில்லை என்றால் மரையில் பெயின்ட் காய்ந்திருக்கிறது. வலுக்கட்டாயமாக முடுக்கினால் தகட்டின் பின்னால் ஒட்டவைத்த நட்டு பெயர்ந்து உள்ளேயே சுற்றும். பிறகு வெட்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. அந்த அளவுக்கான, மரை வெட்டும் டேப் கருவியைப் போட்டு மரையைத் துடைத்துவிட்டு, முதல் நாலைந்து சுற்றுகளைக் கையாலேயே ஏற்றுங்கள்.

தளர்கிறது என்றால் போல்ட் தலைக்கும் பிராக்கெட்டுக்கும் அடியில் பெயின்ட் தடிமனாக இருக்கிறது. சூட்டிலும் அழுத்தத்திலும் அந்தப் பூச்சு நசுங்கி விலகும்போது போல்ட்டின் பிடிப்பும் குறைகிறது. என்ஜின் மவுன்ட், ஸ்டீயரிங் பாக்ஸ் ஆகியவை உட்காரும் முகங்களில் பிரைமர் மட்டும் மெல்லியதாக இருக்கட்டும். பெயின்ட் அடித்திருந்தால் உரித்துவிடுங்கள். என்ஜின் ஒருமுறை நன்றாகச் சூடாகி முழுமையாக ஆறிய பிறகு, இந்த போல்ட்டுகள் ஒவ்வொன்றையும் தயாரிப்பாளர் சொன்ன டார்க் (முடுக்கும் விசை) அளவில் மறுபடி சரிபார்த்து, தலையிலும் தகட்டிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போட்டுவைத்தால், அடுத்த முறை பானெட்டைத் திறக்கும்போது எது நகர்ந்திருக்கிறது என்று கண்ணாலேயே தெரியும். இரண்டாவது முறையும் அதே கோடு விலகியிருந்தால் போல்ட்டை இன்னும் முடுக்காதீர்கள். மவுன்ட்டின் துளையோ சேஸிஸ் தகடோ நீண்டுவிட்டதா என்று மெக்கானிக் கழற்றிப் பார்க்க வேண்டும்.